‘இப்போதுதான் சர்வீஸ் செய்தது, அப்படியே ஓட்டலாம்’ என்றார், நம்பினேன்

பழைய சைக்கிள் வாங்க நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்த கதைதான். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்திருந்தால் எல்லாம் கண்ணில் பட்டிருக்கும்.

முதலாம் ஆண்டு, வகுப்பு தொடங்கிய முதல் வாரம். தங்கியிருந்த இடத்துக்கும் கல்லூரிக்கும் நடக்கவும் முடியாத, வண்டி பிடிக்கவும் மனம் வராத தூரம். விற்பனைக்கான விளம்பரங்களில் ஒரு சைக்கிள், காரை பெயர்ந்த ஒரு சுவர் முன்னால் பளபளவென்று நின்றது. ‘இறுதியாண்டு முடிந்து ஊருக்குப் போகிறேன், ஆசையாக வைத்திருந்த சைக்கிள், மனமில்லாமல் விற்கிறேன். பழையதை வாங்குங்கள், பூமிக்கும் நல்லது’ என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரி என்னை வீழ்த்தியது. பணமும் மிச்சம், புண்ணியமும் சேரும் என்று கணக்குப் போட்டேன்.

பகலில் வகுப்பு இருக்கிறது என்று சொல்லி, இருட்டிய பிறகு ஒரு தெருமுனைக்கு வரச் சொன்னார். விளக்கு வெளிச்சத்தில் பெயின்ட் இன்னும் மின்னியது. சீட் எனக்குத் தாழ்வாக இருந்தது. ஏற்றிப் பார்க்கலாமா என்றதற்கு, “வீட்டில் போய் ஏத்திக்கோங்க, ஸ்பேனர் கொண்டு வரல” என்றார். தெருவின் நீளத்துக்கு ஒரு சுற்று ஓட்டினேன். ஓடியது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு மேட்டில் எழுந்து மிதித்தபோது செயின் சறுக்கியது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்து வீங்கியது. கடைக்காரர் செயினை அளந்து பார்த்துவிட்டு மாற்றச் சொன்னார். மாற்றினேன். புதுச் செயின் இன்னும் மோசமாகச் சறுக்கியது! தேய்ந்த செயின், பின்சக்கரப் பற்களையும் தன் அளவுக்கே தேய்த்துவிடும். அந்தப் பற்களில் புதுச் செயின் சரியாக உட்காராது. ஆக, பல்சக்கரத் தொகுதியையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இதைக் கண்டுபிடிக்கத் தேவை ஒரு அடி ஸ்கேல் மட்டும். செயினில் ஒரு ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடியிருந்தால் பற்களும் போயிருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும். என்னுடையது 1/8-ஐயும் தாண்டியிருந்தது.

அடுத்து சீட். ஸ்பேனர் போட்டுத் தளர்த்தியும் அசையவில்லை. ஃப்ரேம் அலுமினியம், சீட் தண்டு இரும்பு. இரண்டு உலோகங்களுக்கிடையே கிரீஸ் இல்லாமல் வருடக்கணக்கில் ஈரம் சேர்ந்தால் அரித்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் ஊற்றி, தட்டி, இரண்டு பேர் சேர்ந்து திருகியும் பயனில்லை. தாழ்ந்த சீட்டிலேயே ஓட்டி முழங்கால் வலியையும் வாங்கிக்கொண்டேன். ஸ்பேனரை அவர் ஏன் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

டயர் விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது, அது என் அவசரம். பின் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு. ‘26’ என்று பார்த்ததும் பழைய டயர் ஒன்றை வாங்கிவந்தேன், ரிம்மில் ஏறவே இல்லை. 26 × 1.75 என்று புள்ளியில் எழுதியிருந்தால் ரிம் அளவு 559 மில்லிமீட்டர். 26 × 1 3/8 என்று பின்னத்தில் எழுதியிருந்தால் 590. இரண்டுக்கும் பெயர் 26தான். டயரின் பக்கவாட்டில் 47-559 என்பதுபோல ஒரு எண் இருக்கும், அதில் இரண்டாவதை மட்டும் நம்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அதை விடவில்லை. போட்ட பணம் கண்ணை மறைத்தது. ரிப்பேர் செலவு வாங்கிய விலையைத் தாண்டிய வாரத்தில்தான் கடைசி அடி. ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃப்ரேமின் சாய்வுக் குழாயில் ஒரு பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மழையில் அதன் ஓரம் பிரிந்தது. உரித்துப் பார்த்தால், வெல்டிங்குக்கு ஒட்டினாற்போல் முடி அளவு விரிசல், குழாயின் பாதியைச் சுற்றி ஓடுகிறது. அந்த இடம் உடைந்தால் முன்சக்கரம் தனியாகப் போய்விடும், நாம் முகம் தரையில் பட விழுவோம். கடைக்காரர், “இதை இனி தள்ளிக்கிட்டுப் போங்க, ஏறாதீங்க” என்றார். இரும்பு ஃப்ரேம் என்றால் பற்றவைத்துப் பார்க்கலாம். அலுமினியத்தைப் பற்றவைத்தால் மறுபடி வெப்பப் பக்குவம் செய்யாமல் பழைய பலம் வராது, அதற்கு ஆகும் செலவில் வேறு சைக்கிளே வாங்கிவிடலாம். பழையது வாங்கும்போது ஒரு சிறு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. ஒட்டினால் இரும்பு. கனம் கூடுதல்தான், ஆனால் மாணவன் கைக்கு அதுவே தோது.

சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பியபோது இன்னொன்றும் தெரிந்தது. பெடல் அச்சு ஃப்ரேமுக்குள் போகும் இடத்தின் அடியில்தான் பெரும்பாலும் வரிசை எண் பொறித்திருப்பார்கள். அங்கே அரத்தால் தேய்த்த தழும்பு, அதன் மேல் பெயின்ட். யாரோ ஒருவரிடமிருந்து திருடியதாகவும் இருக்கலாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். “ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க?” என்று ஒரு வரி பதில் வந்தது. அப்புறம் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார். விளம்பரங்களைத் துழாவினேன். அதே காரை பெயர்ந்த சுவர், அதன் முன்னால் வேறு நான்கு சைக்கிள்கள், நான்கு வெவ்வேறு பெயர்கள். நான்கு பேருமே இறுதியாண்டு முடிந்து ஊருக்குப் போகிறார்களாம்! குப்பைக்குப் போக வேண்டியதைப் பெயின்ட் அடித்து, வகுப்பு தொடங்கும் வாரத்தில் புதிதாக வரும் பிள்ளைகள் தலையில் கட்டுகிற வியாபாரம் அது. அந்த வாரத்தில் எல்லோருக்கும் சைக்கிள் வேண்டும், எவருக்கும் பொறுமை இருக்காது. உண்மையாகவே ஊருக்குப் போகிறவர்கள் விற்பது கல்விஆண்டின் கடைசி வாரங்களில்தான், விலையும் அப்போதுதான் இறங்கும். பூமிக்கு நல்லது என்று நான் வாங்கியது மூன்று மாதத்தில் பழைய இரும்பாகிவிட்டது. இதற்கிடையில் அதில் ஒரு புதுச் செயினும் பல்சக்கரமும் வேறு போட்டிருந்தேன்.

அந்தச் செயினும் பல்சக்கரமும் மட்டும் வீணாகவில்லை. தானமாக வரும் சைக்கிள்களைச் சரிசெய்யும் பொதுப் பட்டறை ஒன்றைப் பற்றி வகுப்புத் தோழி சொன்னாள். பல நகரங்களில் இப்படிப் பட்டறைகள் உண்டு. அங்கே சில மணி நேரம் வேலை செய்து கொடுத்தால், குறைந்த விலைக்கோ சும்மாவோ ஒரு சைக்கிளை நாமே கட்டி எடுத்துக்கொள்ள விடுவார்கள். நான் நான்கு சனிக்கிழமை போனேன். முதல் இரண்டு நாள் பஞ்சர் ஒட்டுவதும் சக்கரக் கோட்டம் எடுப்பதும்தான். அப்புறம் ஒரு இரும்பு ஃப்ரேம் கிடைத்தது, என் செத்த சைக்கிளின் சக்கரங்களும் செயினும் அதற்குப் பொருந்தின. சீட் தண்டுக்கு மட்டும் கை நிறைய கிரீஸ் பூசினேன், பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரு வருடம் மட்டும் தங்கப்போகிறவர்கள் வாங்காமலே சமாளிக்கலாம். பருவக் கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் உண்டு, ரிப்பேர் யார் செலவு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில கல்லூரிகள் கேட்பாரற்று நிற்கும் சைக்கிள்களை ஆண்டுதோறும் குறைந்த விலைக்கு விற்கும், அலுவலகத்தில் கேட்டால் தெரியும். புதிது வேண்டுமென்றால், மலிவு விலையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து வருவதை மட்டும் தொடாதீர்கள். கனம்தான் மிச்சம்.

தனியாரிடம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பகலில் போங்கள், ஸ்பேனரோடு போங்கள். சீட்டை ஏற்றி இறக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் கழுத்தில் ‘டக் டக்’ என்று வரக்கூடாது, பெடலைத் தாங்கும் கையான கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசையக்கூடாது. ஸ்டிக்கர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

போன வாரம் அதே சுவர் மறுபடி வந்தது, இந்த முறை நீல நிறச் சைக்கிள். வேறொரு எண்ணிலிருந்து, “பெடலுக்கு அடியில் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?” என்று கேட்டேன். பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில் வரவில்லை.