அகமதாபாத் ஜாமா மசூதி: அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை

அகமதாபாத்தின் பழைய நகரில், மானேக் சௌக் கடைத்தெருவின் நெரிசலிலிருந்து விலகி வாசலைக் கடந்ததும், கல் பாவிய அகன்ற முற்றமும் அதன் நடுவே தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுவைச் செய்வதற்கான ஹவுள் என்ற நீர்த்தொட்டியும் கண்ணில் படுகின்றன. நகரை நிறுவிய சுல்தான் முதலாம் அகமது ஷாவின் காலத்தில், 1424-இல் எழுந்த பள்ளிவாசல் இது.

மஞ்சள் மணற்கல் முகப்பின் நடுவளைவுக்கு இருபுறமும் நின்ற மினாராக்கள் 1819-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சரிந்துவிட்டன. அவற்றின் அடிப்பகுதிகள் மட்டுமே எஞ்சியுள்ளன. பலரும் அவற்றைப் பாராமலே உள்ளே போய்விடுகிறார்கள். அருகில் சென்று பார்க்க வேண்டுமென்று வற்புறுத்திச் சொல்வேன். கைக்கெட்டும் உயரத்திலேயே பட்டை பட்டையாகச் செதுக்கு வேலைகள் ஓடுகின்றன. கோயில் சுவரென்றால் தெய்வ உருவம் நிற்கக்கூடிய மாடங்களில் இங்கே கொடியும் இலையும் படர்ந்திருக்கின்றன.

தொழுகைக் கூடத்தின் 260-க்கும் மேற்பட்ட தூண்களும், அவை தாங்கும் 15 குவிமாடங்களும் என்னை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டன. முகப்பில் கூர்வளைவு, உள்ளே தூணும் உத்தரமும் என இருவேறு கட்டுமான முறைகள் உறுத்தலின்றி ஒன்றுகூடியிருப்பதே இந்தப் பள்ளிவாசலின் தனிச்சிறப்பு என்பது என் கருத்து. குவிமாடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு கல் வளையமும் தனக்குக் கீழுள்ளதைவிடச் சற்றே உள்தள்ளி அமர்ந்து, மேலே போகப் போகச் சுருங்கி, உச்சியில் மூடிக்கொள்வது தெளிவாகத் தெரியும். நடுப்பகுதி மட்டும் அடுக்கடுக்காக உயர்ந்திருப்பதால், மேலடுக்குகளின் கல் சாளரங்கள் வழியே வரும் வெளிச்சம் வெயிலின் கடுமையை இழந்து, தூண்களின் மீது மென்மையாக இறங்குகிறது. மேற்குச் சுவரில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடங்களான மிஹ்ராபுகளில் பதித்த வண்ணச் சலவைக்கற்கள் அந்த வெளிச்சத்திலேதான் அழகு.

நுழைவுக் கட்டணம் இல்லை. காலணிகளைக் கழற்ற வேண்டும் என்பதாலும், நண்பகலில் முற்றத்துக் கல் காலைச் சுடும் என்பதாலும், காலையிலேயே செல்வது நல்லது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள்; தொழுகை நேரங்களையும், குறிப்பாக வெள்ளிக்கிழமை ஜும்ஆவையும் தவிர்த்துவிடுங்கள். அகமது ஷாவின் அடக்கத்தலம் கிழக்கு வாசலுக்கு அப்பால், நடந்தே செல்லும் தொலைவில் உள்ளது. அதையும் பார்த்துவிட்டே திரும்புங்கள்.