சாப்ளின், கீட்டன், லாய்டு: யாருடைய உடுப்பு கெட்டிக்கார உடுப்பு?

ஊமைப்படக் காமெடியன் வேடம் என்றதும் பாதிப் பேர் சாப்ளின் மீசையைத்தான் ஒட்டிக்கொள்கிறார்கள். ஹாலிவுட் ஊமைப்படக் காமெடியன்களான சாப்ளின், பஸ்டர் கீட்டன், ஹரால்டு லாய்டு மூன்று பேரில் காப்பியடிக்கக் கஷ்டமானதே சாப்ளின் உடுப்புதான். அதுவும் நம்மூரில் 'புன்னகை மன்னன்' (1986) படத்துச் சாப்ளின் செல்லப்பாவைப் பார்த்துப் பழகிய கண்கள், சின்னப் பிசகையும் பிடித்துவிடும்.

1914 பிப்ரவரியில் திரைக்கு வந்த அந்த நாடோடி வேடம் முழுக்க முரண்பாடு: பேண்ட் தொளதொள, கோட்டு இறுக்கம், தொப்பி சின்னது, ஷூ பெரியது. வாடகைக்கு எடுப்பவர்கள் கோட்டையும் தொளதொளவென்றே எடுத்துவிடுகிறார்கள். அத்தோடு ஆள் சர்க்கஸ் கோமாளி. கோட்டு ஒரு சைஸ் குறைவாக, பட்டன் போட்டால் மார்பில் இழுபட வேண்டும். பேண்ட் இடுப்பில் நாலைந்து அங்குலம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் பெல்ட் போட்டால் துணி ஓரிடத்தில் குவிந்து நடக்க நடக்க இறங்கும், தோளில் மாட்டும் வார்ப்பட்டையான சஸ்பெண்டர்தான் தாங்கும். மீசை மூக்கின் அகலத்தைத் தாண்டக் கூடாது. வயதைக் கூட்டிக் காட்ட வைத்த மீசை அது. வாயோரம் மறைந்தால் முகபாவமும் போய்விடும்.

பஸ்டர் கீட்டனுக்கு எல்லாமே தொப்பி. மற்றவர்கள் உச்சி உருண்ட பௌலர் தொப்பியில் இருக்க, அவர் நல்ல ஸ்டெட்சன் கம்பெனித் தொப்பியை வெட்டித் தட்டையாக்கினார். அவரே சொன்ன செய்முறை: ஒரு டீ கப் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, குவித்து. விளிம்பை மேலும் கீழும் நனைத்து, சுத்தமான கெட்டிப் பரப்பில் வைத்து நீவி, விறைக்கும்வரை காயவிட வேண்டும். ஒரு படத்துக்கு அரை டஜனாவது செலவாகுமாம். தண்ணீரில் விழுந்தே பாதி போயிருக்கும். கடலோர ஊர்களில் சர்க்கரை ஈரத்தை இழுத்து விளிம்பு தொங்கும், எறும்பும் வரும். அதனால் ஒன்றுக்கு இரண்டாகச் செய்து காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது. விளிம்பு கொஞ்சம் வளைந்தாலும் அது சாதாரணத் தொப்பிதான். சிரிக்காத அந்த முகத்துக்கு மேலே கோடு போட்டதுபோல் தட்டையாக நிற்பதில்தான் அதன் பலமே இருக்கிறது.

ஹரால்டு லாய்டு முதலில் லோன்சம் லூக் என்ற பாத்திரத்தில் சாப்ளினைத் தலைகீழாக்கினார்: எல்லாத் துணியும் இறுக்கம். அப்படியும் சாப்ளின் சாயல் போகவில்லை. 1917-இல் சாதாரண சூட், வைக்கோல் தொப்பி, தடித்த வட்ட ஃபிரேம் மூக்குக்கண்ணாடி என்று மாறினார். ஃபிரேமில் கண்ணாடியே கிடையாது. இருந்தால் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் மறையும். மெல்லிய கம்பி ஃபிரேம் போட்டால் மூன்றாம் வரிசைக்கே தெரியாது.

என் ஓட்டு லாய்டுக்குத்தான். பக்கத்து வீட்டு குமாஸ்தா மாதிரி இருப்பவர் கடிகார முள்ளில் தொங்கினால் பார்ப்பவருக்கு நிஜமாகவே பதறும். 1919-இல் நடந்த வெடிவிபத்தில் வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர் அவர். செயற்கை விரல் வைத்த கையுறையோடுதான் 1923-இல் வந்த 'சேஃப்டி லாஸ்ட்' படத்தின் அந்தக் கடிகாரக் காட்சியில் தொங்கினார். உடுப்பு மறைத்த பெரிய விஷயம் அதுதான்.

எந்த வேடமானாலும், அக்காலக் கறுப்பு வெள்ளைத் தோற்றம் வேண்டுமென்றால் எடிட்டிங்கில் நிறத்தை மட்டும் எடுத்தால் போதாது. அந்தக் கால ஆர்த்தோகுரோமடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் வெளுத்துவிடும். சிவப்புச் சேனலைக் குறைத்து நீலத்தைக் கூட்டுங்கள். முதலில் சிவப்பு லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிடுங்கள், உதடு கரியாகிவிடும்.