பழைய டெஸ்க்டாப்: பாகத்தை மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

"கம்ப்யூட்டருக்கு எட்டு வயசாச்சு, மாத்திடலாமா?" என்று யாராவது கேட்டால், வயதை வைத்து நான் பதில் சொல்வதில்லை. அது திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் (எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவி) திறந்து, எது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று பார்க்கச் சொல்வேன். டிஸ்க்கா, ரேமா, ப்ராசசரா? செலவு எங்கே போக வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது என்றால், வேறு எதையும் யோசிக்கும் முன் எஸ்எஸ்டி (சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டின் மேல் ஹெட் (தகவலைப் படிக்கும் முனை) இங்கும் அங்கும் நகர்ந்துதான் ஒவ்வொரு கோப்பையும் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். எஸ்எஸ்டியில் நகர்வதற்கு எதுவும் இல்லை. டிஸ்க்கை மதர்போர்டில் மாட்டும் பழைய சாட்டா இணைப்பிலேயே நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். நாளை புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் அதைக் கழற்றி அதிலும் மாட்டிக்கொள்ளலாம், போட்ட பணம் வீணாகாது.

ரேம் அப்படி இல்லை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகள் மூன்றும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. என் பழைய கம்ப்யூட்டருக்கு டிடிஆர்3 வாங்கிப் போட்டு, ஒரே வருடத்தில் மதர்போர்டு போய்விட்டது. அந்த ரேமை அடுத்த கம்ப்யூட்டரில் போட வழியே இல்லை. அதனால் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள், அது அவசியம். அதற்கு மேல் ஏற்றுவதென்றால் யோசித்துச் செய்யுங்கள். ஒன்றைக் கவனிக்கவும்: ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்தும். அப்போது குறை ரேமில் இருந்தும் பழி டிஸ்க் மேல் விழும்.

சரி, ப்ராசசர்தான் திணறுகிறது என்றால்? இங்கே மதர்போர்டைப் பொறுத்துத்தான் முடிவு. ப்ராசசர் செய்யும் இரண்டு பெரிய கம்பெனிகள் ஏஎம்டியும் இன்டெலும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) 2016-இல் வந்தது. அந்த போர்டுகள் பலவற்றில் பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் அப்டேட் செய்துவிட்டு ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை ப்ராசசர் வரை போடலாம். இன்டெலில் அந்த வசதி குறைவு. 6, 7-ஆம் தலைமுறைக்கான போர்டில் 8-ஆம் தலைமுறை ப்ராசசர் உட்காரும், ஆனால் வேலை செய்யாது, சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தும்கூட. அங்கே ப்ராசசர் என்றால் போர்டும் சேர்ந்துதான், பல சமயம் ரேமும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் கேபினட்டையாவது காப்பாற்றலாம். ஒரு கம்பெனியே முழுதாகச் செய்து விற்ற கம்ப்யூட்டர் என்றால் போர்டின் அளவும் பவர் சப்ளையின் இணைப்பும் தனி ரகமாக இருக்கக்கூடும், அதையும் பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள். இவ்வளவையும் மாற்றுவதைவிட முழுதாகப் புதிது வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம் விண்டோஸ் விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள் உட்பட) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (கம்ப்யூட்டரில் இருக்க வேண்டிய ஒரு பாதுகாப்பு வசதி), இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் பலவற்றை இது வெளியே தள்ளியது எனக்கு வருத்தம்தான். பிரவுசரும் கடிதம் எழுதுவதும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை நம்பி வேலை நடக்கிறது என்றால், அல்லது அதில் வங்கி வேலைகளைச் செய்கிறீர்கள், ஆனால் லினக்ஸுக்கு மாற மனமில்லை என்றால், புதிது வாங்குங்கள்.

தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனதுதான். சூடேறி அணைந்தால் முதலில் தூசியைத் துடைத்து ப்ராசசரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். ஆனால் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் (சின்ன உருளை போன்ற பாகங்கள்) உப்பியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இனி ரேம்கூட வாங்காதீர்கள். படங்களையும் கோப்புகளையும் இன்றைக்கே வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.