வாக்குத்தத்த வசனமா, முழு அதிகாரமா?

முடிவெடுக்கும் நேரத்தில் வேதத்தை, அதாவது பைபிளைத் திறந்து, கண்ணில் பட்ட வாக்குத்தத்த (தேவன் தரும் உறுதிமொழி) வசனத்தைப் பிடித்துக்கொள்வது ஒரு வழி, அதில் ஒரு புத்தகத்தை அதிகாரம் அதிகாரமாக வாசித்துக்கொண்டே போவது இன்னொரு வழி. முதலாவது உடனே ஆறுதல் தரும், அதைக் குறைசொல்லவில்லை.

ஆனால் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள்பேரில் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. வேலை மாறலாமா என்று யோசிப்பவருக்கு அது சரி, போ என்று சொல்வதுபோலத் தெரியும். முந்தைய வசனமோ பாபிலோனில் 70 வருஷம் என்கிறது, இன்னும் மேலே போனால், அங்கே சிறைப்பட்டுப் போன யூதர்களிடம் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதியிருக்கிறது. அப்புறம் கேள்வியே மாறிவிடும்: இருக்கிற இடத்தில் உண்மையாக இருக்கிறேனா?

தொடர் வாசிப்பு மெதுவானதுதான். என்றாலும் கோபம், கடன், நாவு என்று நாம் கேட்காததையும் அது பேசும், அதனால் நான் அதைத்தான் நம்புகிறேன். நீதிமொழிகளில் தொடங்குங்கள், 31 அதிகாரம், நாளுக்கு ஒன்று.