ஜிபி ரோடு எச்4 ரிலே கிட்: கிட்டை வாங்கலாம், 100/90 பல்பு வேண்டாம்

ஹெட்லைட் மங்கல் என்று சென்னையின் வாகன உதிரிபாகச் சந்தையான ஜிபி ரோட்டில் கடை ஏறினால் பெரும்பாலும் கைக்கு வருவது 100/90 வாட் (ஹை பீம் 100, லோ பீம் 90) எச்4 பல்பு. ரிலே கிட்டை, அதாவது ஸ்விட்சின் சிறு சிக்னலில் இயங்கி பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் விடும் செட்டை, நாமாகக் கேட்டால்தான் உண்டு.

60 வாட் பல்பு இரண்டும் ஹை பீமில் 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 16.7. கம்பெனி ஒயரும் ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஸ்விட்சும் அந்தப் பத்துக்கு அளந்து வைத்தவை. ரிலே இல்லாமல் மாட்டினால் முதலில் பல்பு ஹோல்டர் உருகும், பிறகு டிம்-டிப் ஸ்விட்ச் கருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது ஒயருக்கு நாமே வைக்கும் கொள்ளி.

கிட்டில் இரண்டு ரிலே, இரண்டு செராமிக் ஹோல்டர், ஃபியூஸ் ஹோல்டர் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் வேலை. கம்பெனி ஹோல்டர் ஒன்றை கிட்டின் ஆண் பிளக்கில் சொருகினால் ரிலேக்கு சிக்னல் கிடைக்கும். மற்றதை டேப் சுற்றி மூடிக் கட்டிவிடலாம். ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து நேர் ஒயர், 87 பல்புக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

குறை ஒயரில்தான். மேலே தடியாகத் தெரிந்தாலும் உள்ளே மெலிசாக இருக்கலாம். ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள்: வெள்ளையாக இருந்தால் தாமிரம் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2.5 சதுர மி.மீ. தாமிரமாவது வேண்டும். கிரிம்ப் செய்த (அழுத்திப் பிடித்த) முனைகளை இழுத்துப் பார்க்கணும். எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பெசன்ட் நகர் உப்புக் காற்றுக்கு வேறு மருந்து இல்லை. ரிலேயின் பின்கள் இருக்கும் பக்கம் கீழே பார்க்கட்டும், மழைத் தண்ணீர் தங்காது.

பல்பு விஷயம் வேறு. எச்4 தர அளவு 60/55தான். 100/90 அதற்கு வெளியே. சூட்டில் ரிஃப்ளெக்டர் பூச்சு உரியும், எதிரே வருபவர் கண் கூசும். பழைய பல்பையே எரியவிட்டு இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் ஹோல்டரிலும் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள். வோல்டேஜ் 10 சதவீதம் விழுந்தால் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும். ரிலே திருப்பித் தருவது அதைத்தான். கண்ணாடியை வெறுங்கையால் தொடாமல் நல்ல 60/55 ஒன்றை மாட்டினால் இசிஆர் இருட்டுக்குப் போதும்.

ஹெட்லைட்டை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களுக்கு இந்த கிட் ஒத்துவராது. ரிலே படபடவென்று அடிக்கும், இல்லையென்றால் டாஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை வரும்.