ஆர்.எக்ஸ். 100-க்கு 135 பிளாக் போடப் போகிறீர்களா? கிராங்க்கேஸைக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக், மூன்று மாதமாக இன்ஜின் இல்லாமல் வாசலில் நிற்கிறது. அதற்கு நான் கொடுத்த காசு 18,000 ரூபாய். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. தாம்பரம் பக்கம், அவ்வளவுதான்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: 100-க்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. ஆர்.எக்ஸ். 135-க்கு ஸ்ட்ரோக் அதே 50, போர் மட்டும் 58. அதனால் 135-இன் பிளாக்கையும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) பிஸ்டனையும் ஏற்றினால் 98 சிசி வண்டி 132 ஆகிவிடும். ஒரே இடைஞ்சல், பிளாக்குக்குள் இருக்கும் இரும்புக் குழாயான ஸ்லீவ். அது பெரியது, 100-இன் கிராங்க்கேஸ் (பிளாக்குக்குக் கீழே கிராங்க் சுற்றும் அலுமினியக் கூடு) வாயைக் குடைந்தால்தான் உள்ளே இறங்கும்.

"ரெண்டு நாள் வேலை தம்பி, புது பிளாக், புது பிஸ்டன், சனிக்கிழமை வந்து எடுத்துக்கோ" என்றார் கடைக்கார மெக்கானிக் அண்ணன். சொன்னபடி சனிக்கிழமை வண்டி கிடைத்தது. இழுவையும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. 240 கிலோமீட்டர் ஓடியது. புது பிஸ்டன் பதமாகும் வரை மெதுவாக ஓட்டும் ரன்னிங்-இன் என்று அறுபதைத் தாண்டவே இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் சத்தம் திடீரென்று மாறி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாக கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். பின்னால் லாரி வராததும் என் நல்ல நேரம்.

"நீ முறுக்கி ஓட்டியிருப்ப" என்பதுதான் கடையில் கிடைத்த முதல் பதில். சண்டை போடாமல் வண்டியை வேறொரு பெரியவரிடம் கொண்டுபோனேன். முப்பது வருடமாக டூ ஸ்ட்ரோக் மட்டும் பார்ப்பவர். முதலில் பிளக்கைக் கழற்றினார். காப்பி நிறத்தில் இருக்க வேண்டியது வெள்ளையாக வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இன்ஜினைப் பெரிதாக்கியவர், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைத் தொடவே இல்லை. ஆயில் பம்பிலும் காற்று வாங்கி நின்றிருந்தது. அப்புறம் பிளாக்கைத் தூக்கினார். புதுசு என்று பில் போட்ட பிளாக், ஸ்லீவ் மட்டும் மாற்றி மேலே பெயின்ட் அடித்த பழசு. ஸ்லீவில் வாயு போய்வரும் போர்ட் ஜன்னலும் அலுமினியத்தில் இருந்த வழியும் ஒன்றோடொன்று சேரவில்லை, விரல் விட்டாலே படி மாதிரி தட்டுப்பட்டது. போர் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு.

இதெல்லாம் காசு செலவழித்தால் சரியாகிற விஷயம். பெரியவர் தலையில் கை வைத்தது கிராங்க்கேஸைப் பார்த்துத்தான்.

முறைப்படி என்றால் கேஸை இரண்டாகப் பிரித்து, கிராங்கை வெளியே எடுத்து, வெறும் கேஸை மறுபடி முடுக்கி, லேத்தில் கட்டி வாயைக் கடைய வேண்டும். நம்ம ஆள் கிராங்க் உள்ளே இருக்கும்போதே, துணியைத் திணித்து, கை கிரைண்டரால் தேய்த்திருக்கிறார். அலுமினியப் பொடி கனெக்டிங் ராட் பேரிங் வரைக்கும் போயிருந்தது. வாய் வட்டமாகவும் இல்லை. ஒரு பக்கம் கேஸ்கெட் உட்காரும் விளிம்பே மெலிந்துபோயிருந்தது. அந்த வழியாகக் காற்று இழுத்து மிக்சரில் (காற்று-பெட்ரோல் கலவை) பெட்ரோல் இன்னும் குறைந்திருக்கும் என்றார்.

சரி, பழைய பிளாக்கையாவது திரும்பப் போடலாம் என்று பார்த்தால், வாய் பெரிதாகிவிட்டதால் அந்த ஸ்லீவைச் சுற்றி இடைவெளி நிற்கும், விளிம்பும் இல்லை. போடுவதற்கு பிளாக்கும் இல்லை என்பது வேறு விஷயம். "அதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேனே தம்பி" என்றார் அண்ணன். அப்பா காலத்து ஒரிஜினல் பிளாக் அது. பழைய இரும்புக்கு யார் போடுவார்கள்?

கேஸை மாற்றினால் தீராதா என்று கேட்பீர்கள். இன்ஜின் நம்பர் அடித்திருப்பதே கேஸில்தான். பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடி இன்னொரு கேஸ் வாங்கினால் அதில் வேறு யாருடைய வண்டி நம்பரோ இருக்கும். திருட்டு வண்டியுடையதாகக்கூட இருக்கலாம். என் ஆர்.சி.யை 2029-இல் மறுபடி புதுப்பிக்க வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பரைப் பார்க்காமல் விடமாட்டார்கள். இதற்கு அண்ணன் சொன்ன வழி, "வேற கேஸ் போட்டு உன் நம்பரையே பன்ச் பண்ணித் தரேன், ஆயிரம் ரூபா." உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள். நம்பரைத் திருத்தி அடிப்பது கிரிமினல் குற்றம், மாட்டுவது ஓனர்தான்.

என் தப்பும் இருக்கிறது. ஆர்.சி.யில் 98 சிசி என்று இருக்கும் வண்டியை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொன்னேன். பழசைப் புதுசு என்று போட்ட அந்த பில் மட்டும்தான் இப்போது என் கையில் இருக்கும் பிடி. அண்ணன் இதுவரை 4,000 திருப்பிக் கொடுத்திருக்கிறார். பெரியவர் கேஸ் வாயை வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார், உத்தரவாதம் கிடையாது என்ற பேச்சோடு.