மும்பை ஃபோர்ட்ல பழைய காசோட தரம் பார்த்துச் சொல்ற அண்ணாச்சி கடை – என் ரிவ்யூ

ஆச்சி போனதுக்கு அப்புறம் அவங்க டிரங்க் பெட்டியில மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருந்த ரெண்டு வெள்ளி ரூபாய் எனக்கு வந்துச்சு, ஒண்ணு 1885 விக்டோரியா, இன்னொண்ணு 1918 ஜார்ஜ். விக்கிற எண்ணமே இல்ல, ஆனா என்ன கண்டிஷன்ல இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசை. முதல்ல ஒரு கடையில காட்டுனேன், கவுண்டர்ல இருந்தவர் பத்து செகண்ட் கூடப் பாக்கல, ஜார்ஜ் ரூபாயத் தூக்கி "எழுத்தெல்லாம் மழுங்கிப் போச்சு, தேஞ்ச காசு, வெள்ளி விலைக்கு எடுத்துக்கறேன்"னுட்டார். விக்டோரியாவப் பார்த்து மட்டும் "பளபளன்னு இருக்கே, நல்ல காசு"ன்னார். ரெண்டுமே தப்பு.

அதை எனக்குப் புரிய வச்சவர் ஃபோர்ட்ல மின்ட் ரோடு பக்கத்துச் சந்துல மாடியில சின்னதா கடை வச்சிருக்கற ஒரு திருநெல்வேலிக்காரர். பேரு, நம்பர் எதுவும் போட வேண்டாம் தம்பின்னு கேட்டுக்கிட்டார், அதனால போடல, அந்தப் பக்கம் காசு சேக்கறவங்க யாரக் கேட்டாலும் அண்ணாச்சி கடைன்னு கை காட்டுவாங்க. சயான்லேர்ந்து லோக்கல்ல சிஎஸ்எம்டி வந்து எறங்கி நடந்தே போயிடலாம். ஒரு காசு பாக்க 200 ரூபாய். வாங்கறதும் இல்ல விக்கறதும் இல்ல, பாத்துச் சொல்றதோட சரி. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாப் பட்டுச்சு, ஏன்னா வாங்கப் போறவனே தரமும் சொன்னா அந்தப் பேச்சை எப்படி நம்பறது.

உக்காந்த உடனே முதல்ல தராசு. ஜார்ஜ் ரூபாய் 11.64 கிராம் காட்டுச்சு. புதுசுல 11.66 கிராம், அதாவது சரியா ஒரு தோலா, "இவ்வளவு எடை நிக்கற காசு எப்படித் தம்பி தேஞ்ச காசாகும்"னு அப்பவே சொல்லிட்டார். அப்புறம் டியூப்லைட்ட அணைச்சுட்டு மேஜை மேல ஒரே ஒரு பல்ப போட்டார், ரெண்டு விரலால காசோட விளிம்ப மட்டும் பிடிச்சு வெளிச்சத்துக்குக் கீழ மெதுவாச் சாய்ச்சுத் திருப்புனார். நான் மூச்சைப் பிடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். காசு மேல ஒரு வெளிச்சக் கீத்து வண்டிச் சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி நடுவுலேர்ந்து விளிம்பு வரைக்கும் சுத்தி வருது, ராஜாவோட கன்னத்து மேலயும் மீசை மேலயும் எங்கயும் அறுபடாமத் தாண்டிப் போகுது. "இதான் லஸ்டர். கை மாறி மாறிப் புழங்குன காசுல மேடான இடத்துலதான் முதல்ல இது செத்துப் போகும். புருவம், மீசை, காது, கிரீடத்து முத்து, நெஞ்சுல இருக்கற யானை, அங்க எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாத் தெரியும். இதுல அப்படித் தெரியுதா, பாருங்க." தெரியல.

அப்ப எழுத்து ஏன் மழுங்கியிருக்கு? லென்ஸ என் கையில கொடுத்துப் பாக்கச் சொன்னார், பத்து மடங்கு லென்ஸ். ஓரத்துல இருக்கற எழுத்தோட அடிப்பக்கம் விளிம்பப் பாத்து இழுத்த மாதிரி கரைஞ்சு நிக்குது, சுத்தி இருக்கற வெறும் இடத்துல மெல்லிசா கோடு கோடா வெளிப்பக்கம் ஓடுது. அது அச்சு தேஞ்சதுக்கு அடையாளம். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் வெள்ளி நடுவுலேர்ந்து வெளிய பிதுங்கி ஓடும், ஓடி ஓடி அச்சு உருக்கையே அரிச்சுடும், அந்த அரிப்பு அடுத்து அடிக்கற காசுல அப்படியே வந்து விழும். அதாவது என் காசு பிறக்கும்போதே மழுங்கலாத்தான் பிறந்திருக்கு, புழக்கத்துல தேயல. பின்பக்கம் ஒரு முடி மாதிரி கோடு ஒரு எழுத்தத் தாண்டி விளிம்பு வரைக்கும் போச்சு, நான் கீறல்னு நெனச்சேன். வெளிச்சத்தச் சாய்ச்சுக் காட்டுனதும் அது மேடா நிக்கறது தெரிஞ்சுது. கீறல்னா பள்ளமா இருக்கும், மேடா இருந்தா அச்சுல விரிசல். இத ஒரு தடவை கண்ணால பாத்துட்டா அப்புறம் குழப்பமே வராது.

1918ல ஏன் இப்படின்னு கேட்டேன். முதல் உலகப் போர் சமயம், வெள்ளிக்குப் பெரிய தட்டுப்பாடு, அதனாலதான் 1917 நவம்பர்ல ஒரு ரூபாய் நோட்டே அடிச்சு விட்டாங்க. அடுத்த வருஷம் அமெரிக்கா பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு தன்னோட டாலர் காசு 27 கோடிக்கு மேல உருக்குச்சு, அதுல பெரும்பகுதிய பிரிட்டனுக்கு வித்துச்சு, அந்த வெள்ளி இந்தியாவுல ரூபாயா ஆச்சு. பம்பாய் மின்ட்ல, அதாவது காசு அடிக்கற அரசாங்க ஆலையில, மட்டும் அந்த வருஷம் 20 கோடி ரூபாய்க்கு மேல அடிச்சிருக்காங்க. அவ்வளவு அடிக்கும்போது தேஞ்ச அச்ச உடனே உடனே மாத்திக்கிட்டு இருப்பாங்களா. என்னோடது பம்பாய் காசுதான், பின்பக்கம் அடியில தாமரைக்குக் கீழ சின்னப் புள்ளி இருக்கு, கல்கத்தா காசுல அது இருக்காது. கடையிலேர்ந்து நடக்கற தூரத்துல இருக்கற மின்ட்ல அடிச்ச காசு எப்படியோ திருநெல்வேலி போய் திரும்ப இங்கயே வந்திருக்குன்னு நெனச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

விலை விஷயத்துல ஆசை காட்டல. யுஎன்சின்னு, அதாவது புழக்கத்துக்கே போகாத காசுன்னு, தாராளமாச் சொல்லலாம், ஆனா புது அச்சுல கூர்மையா விழுந்த காசுக்குக் குடுக்கற விலைய இதுக்குக் குடுக்க மாட்டாங்க, பார்வைக்கு எடுப்பா இல்லன்னு நேராவே சொன்னார்.

விக்டோரியாதான் மனசக் கஷ்டப்படுத்துச்சு. அதே வெளிச்சத்துல சக்கரம் சுத்தவே இல்ல, காசு முழுக்க ஒரே வெள்ளையா மினுங்குது, லென்ஸ்ல பாத்தா ஒரே திசையில நூத்துக்கணக்கா மெல்லிசு கீறல், எழுத்து இடுக்குல மட்டும் பழைய கருப்பு. "விபூதி போட்டுத் தேச்சாங்களா தம்பி?" ஆமா, ஆச்சி ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் விளக்கோட சேத்து இதையும் விபூதி போட்டுத் தேச்சு வைப்பாங்க, நானே பாத்திருக்கேன். விளிம்புல பன்னெண்டு மணி இடத்துல ஈயம் ஒட்டி எடுத்த தழும்பும் இருந்துச்சு, காசுமாலையில கோத்துக் கழட்டுனது. எடை 11.41. "விஎஃப் கூடச் சொல்ல முடியாது, கழுவுன காசு"ன்னுட்டார். விஎஃப்னா வெரி ஃபைன், கொஞ்சம் புழங்குன காசுக்குச் சொல்ற தரம். அதுக்காக ஆச்சி மேல வருத்தமெல்லாம் இல்ல, அவங்களுக்கு அது லட்சுமி.

குறைன்னா, எதையும் எழுதித் தர மாட்டார், வாய் வார்த்தைதான், அதனால வெளிநாட்டு கிரேடிங் கம்பெனிங்க தரம் போட்டு சீல் வச்சுத் தர்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு மாத்தா இத நெனைக்காதீங்க. மாடிப்படி ரொம்பச் செங்குத்து, வயசானவங்களுக்குக் கஷ்டம். சோழர் காசு, விஜயநகரக் காசு மாதிரி கையால அடிச்சதெல்லாம் தொட மாட்டார், "அது வேற படிப்பு"ன்னு அனுப்பிடுவார். ஜிபே இல்ல, கேஷ் மட்டும். ஒரு நாளைக்கு நாலஞ்சு பேருக்கு மேல பாக்கறதில்ல, நான் ரெண்டாவது தடவை போனப்பதான் இடம் கெடைச்சுது. நான் 5க்கு நாலரை போடுவேன்.

போறவங்க சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க. காசக் கழுவாதீங்க, துடைக்கவும் வேண்டாம், பிவிசி கவர்ல வச்சிருந்தா எடுத்துட்டு பேப்பர் கவர்ல போட்டுக் கொண்டு போங்க. லென்ஸ் அவர்கிட்டயே இருக்கு.